சிவப்பு போடுகிறவர்

இசோகாய் சென்செய்க்கு, அதாவது இசோகாய் வாத்தியாருக்கு, நகைச்சுவை சுத்தமாக வராது. வேண்டுமானால் அவர் மனைவி கினுயேயைக் கேட்டுப் பாருங்கள், சத்தியம் செய்து சொல்வாள். ஆனால் ஜப்பானின் அந்தத் துறைமுக ஊரில் அவரிடம் தொடக்கப் பள்ளி படித்தவர்கள், இன்று சொந்தமாகப் படகும் தொந்தியும் வைத்திருப்பவர்கள் வரை, ஒரே குரலில் வேறு மாதிரி சொல்வார்கள். "இசோகாய் சென்செயா? அவர் சிரிக்கவே மாட்டாரு. ஆனா நம்மள வயிறு வலிக்க வச்சிருவாரு."

சிரிக்க வைக்கிறவர் என்ற பெயர் அவருக்கு வந்தது ஒரு கொக்கால். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஆசிரியர் கையேட்டை வைத்துக்கொண்டு வகுப்பில் சத்தமாகப் பாடம் வாசித்தார். கையேடு என்பது பிள்ளைகளின் அதே பாடப் புத்தகம்தான். நடு நடுவே, ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று பதிப்பகத்தார் சிவப்பு எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். இசோகாய் கணீரென்று வாசித்தார்:

"கொக்கு ஏரியின் மேல் பறந்தது. இங்கே நிறுத்தி மூச்சு விடவும். தூரத்தில் மலை தெரிந்தது."

வகுப்பு ஒரு நொடி விழித்தது. பிறகு கூரை பறந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இசோகாய்க்கு விளங்கவில்லை. அவர் முகம் கல் மாதிரி இருந்தது. அந்தக் கல் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் இன்னும் சிரித்தார்கள். மணி அடித்தபின் கழிப்பறைக்குப் போய், புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

அவர் கண்ணுக்குச் சிவப்பு என்பது கறுப்பின் தம்பி. இரண்டையும் தனித்தனியே நிறுத்தினால்கூடச் சந்தேகம்தான். ஒரே வரியில் நிறுத்தினால் போயே போச்சு.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை உண்டு. புள்ளி புள்ளியாக ஒரு வட்டம், அதற்குள் ஓர் எண். இசோகாய் எப்போதும் வரிசையில் நல்ல பார்வை உள்ளவன் ஒருவனுக்குப் பின்னால் நின்றுகொள்வார். செவிலியம்மா ஒரே வரிசையில்தான் பக்கத்தைப் புரட்டுவாள். முன்னால் இருப்பவன் சொல்வதைக் காதால் பிடித்து வாயால் விட்டுவிட்டால் தீர்ந்தது. கண் பரிசோதனையைக் காதால் தேறியவர் அவர். அந்தக் காலத்தில் இந்தக் கண்ணோடு வாத்தியார் படிப்பில் சேர விடமாட்டார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை. வேலை கிடைத்தது, அப்போதும் திறக்கவில்லை. அப்புறம் திறக்க ஒரு நல்ல நாள் அமையவே இல்லை. எல்லாரும் அப்படித்தானே, பல்வலியைக்கூடத் தள்ளிப் போடுகிறவர்கள்தானே.

கினுயேவுக்கு மட்டும் தெரியும். முதன்முதலாக அவரைப் பார்க்க அவள் புதுச் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு போனாள். "கறுப்பு உங்களுக்கு நல்லா இருக்கு" என்றார் இசோகாய். "யாராவது செத்துட்டாங்களான்னு கேக்காம விட்டாரே, அதுக்காகவே கட்டிக்கிட்டேன்" என்பாள் அவள்.

ஏப்ரலில் புதுப் பள்ளி ஆண்டு தொடங்கும் முன் வசந்த விடுமுறை வந்தால் சமையலறை மேசையில் புதுக் கையேடுகள் அடுக்கப்படும். கினுயே மஞ்சள் மார்க்கரை எடுத்துக்கொண்டு சிவப்பு எழுத்துகள் மேலெல்லாம் பூசிக்கொண்டே போவாள். மஞ்சள் அவருக்குத் தெரியும். மஞ்சளைத் தாண்டி வாசித்தால் போதும். ஒரு வருடம் அவள் வேண்டுமென்றே ஓர் இடத்தைப் பூசாமல் விட்டாள். அன்று அவர் வகுப்பில், "குழந்தைகளோடு சேர்ந்து இறக்கை போல் கைகளை ஆட்டவும்" என்று வாசிக்க, வகுப்பே எழுந்து கையை ஆட்டியது. வேறு வழியில்லாமல் அவரும் ஆட்டினார்.

சாயங்காலம் சோறு போடும்போது கினுயே கேட்டாள். "என்னங்க, இன்னிக்குப் பறந்தீங்களா?"

அவர் ஊறுகாயைக் கடித்தார். அந்த வாரம் முழுக்க அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தோள் குலுங்கியது.

இப்படியே முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இப்போது அவருக்கு ஒரே ஆசைதான். ஓய்வு பெறும் வரை இது வெளியே தெரியக்கூடாது. வேலையை விட்டு யாரும் தூக்கப் போவதில்லை, அது அவருக்கும் தெரியும். ஆனால் அந்த ஊரில் பாதிப் பேருடைய நோட்டில் சிவப்பு வட்டம் போட்டவர் அவர். சரியான விடைக்கு வட்டம், தவறுக்குக் கோடு. அந்த மனிதருக்குச் சிவப்பே தெரியாது என்றால், போட்ட வட்டமெல்லாம் என்ன ஆகும்? யோசிக்கும்போதே அவருக்குக் கொட்டாவி வரும். பயம் வந்தால் அவருக்குக் கொட்டாவிதான் வரும்.

இந்த வருடம் மூன்றாம் வகுப்பில் அவருக்கு இபுகி என்று ஒரு பையன் வாய்த்தான்.

இரண்டாம் வகுப்பிலிருந்தே இபுகிக்கு ஒரு முத்திரை விழுந்திருந்தது: சொன்னால் கேட்காதவன். ஆசிரியர் சிவப்பு போட்டுத் தந்த இடத்தைத் திருத்த மாட்டான். பலகையில் முக்கியமான சொல்லைச் சிவப்புச் சுண்ணக்கட்டியில் எழுதினால் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதுவான். கேட்டால் பேசாமல் நிற்பான். போகப் போக எதைக் கேட்டாலும் பேசாமல் நின்றான்.

இசோகாய் எழுதுவது வெள்ளையும் மஞ்சளும் மட்டும்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, சிக்கனக்காரர் என்று நினைத்தார்கள். அதனால் அவர் வகுப்பில் இபுகி பலகையில் இருப்பதை முழுசாக எழுதினான். ஆனால் நோட்டில் திருத்துவதற்கு அவரும் ஊரோடு ஒத்துச் சிவப்புப் பேனாதான். போட்டது தெரிகிறதா என்று தனக்கே சந்தேகம் இருப்பதால் அழுத்தி அழுத்திப் போடுவார். தாளின் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும்.

மே மாதத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த நேரம். இபுகி தன் நோட்டைக் குப்புறத் திருப்பி வைத்து, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, தாளின் முதுகை விரலால் தடவிக்கொண்டிருந்தான். ஓர் இடத்தில் விரல் நின்றது. தாளைத் திருப்பினான், அந்த எழுத்தை அழித்துத் திருத்தினான். மறுபடி குப்புறப் போட்டுத் தடவினான்.

இசோகாய் கையிலிருந்த பால் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரும் சின்ன வயதில் தன் நோட்டை அப்படித்தான் தடவியிருக்கிறார்.

அன்றே பையனின் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அவள் மீன் பதனிடும் ஆலையில் வேலை முடிந்து ரப்பர் பூட்ஸோடு பள்ளிக்கு வந்துதான் இருந்தாள். "பிடிவாதம்னு போன வருஷமே சொன்னாங்க, சென்செய். வீட்ல நான் சொன்னா கேக்கிறான். இங்க மட்டும் ஏன் இப்படின்னு தெரியல" என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள். இசோகாய் வாயைத் திறந்தார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாளே. வாயை மூடிக்கொண்டார். "பார்க்கலாம்" என்றார். அந்தச் சொல்லை அவர் அந்த வருடத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். எதையும் பார்த்ததில்லை.

ஜூன் மழையில் துணைத் தலைமை ஆசிரியை அரிமுரா அவரை ஓரமாகக் கூப்பிட்டாள். அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவள். நல்லவள்தான், ஆனால் மாடிப்படியைக்கூட நடந்து ஏறமாட்டாள், ஓடித்தான் ஏறுவாள்.

"இசோகாய் சென்செய், இபுகி விஷயம். கோடை விடுமுறை முடிஞ்சதும் அவனைத் தனி வகுப்புல விடலாமான்னு ஒரு பேச்சு இருக்கு. கல்வி வாரியத்துலேருந்து அடுத்த வாரம் உங்க வகுப்பைப் பார்க்க வர்றாங்க இல்லையா? அப்படியே அவனையும் ஒரு கண்ணு பார்த்துட்டுப் போறேன்னாங்க."

"அவனுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு."

"அப்போ ஏன் சொன்னதைச் செய்யல?"

இசோகாய்க்குக் கொட்டாவி வந்தது. அடக்கிக்கொண்டு, "பார்க்கலாம்" என்றார்.

பார்வையாளர் வரும் பாடத்துக்கு அவர் ஒரு நீர்நாய் கதையை எடுத்திருந்தார். மழை பெய்கிறது. நீர்நாய் ஒன்று வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, ஒரு குடை இரவல் கேட்கிறது. கையேட்டை நம்பாமல் கதை முழுவதையும் தானே கணினியில் தட்டி, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்று நட்சத்திரக் குறி போட்டு, அரிமுராவிடம் பார்வைக்கு அனுப்பினார். பாடத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தாள் அவர் மேசைக்குத் திரும்பி வந்தது.

"கொஞ்சமா சிவப்பு போட்டு வச்சிருக்கேன், சென்செய். ஒரு தடவ பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவள் படியில் ஓடிவிட்டாள்.

சிவப்பு போடுவது என்றால் அங்கே திருத்துவது. வாத்தியார் பிள்ளைகளுக்குச் சிவப்பு போடுவார், மேலே உள்ளவர் வாத்தியாருக்குப் போடுவார், எல்லாருக்கும் மேலே வாரியம் இருக்கிறது. கையால் எழுதியிருந்தால் எழுத்தின் சாயலை வைத்தாவது கண்டுபிடித்திருப்பார். அரிமுரா சுறுசுறுப்பானவள். அவருடைய கோப்பிலேயே, அவருடைய எழுத்துருவிலேயே, வரிக்கு நடுவே தட்டி, வண்ண அச்சில் எடுத்துத் தந்திருந்தாள்.

கினுயே ஊரில் இல்லை. ஃபுகுவோகாவில் மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் போன் செய்தார்.

"சிவப்பு போட்டுத் தந்திருக்கா."

"போட்டோ எடுத்து அனுப்புங்க. புள்ளையத் தூங்க வச்சிட்டுப் பார்த்துச் சொல்றேன்." பின்னால் குழந்தை காது கிழிய அழுதது. "சாப்டீங்களா?"

"கடையில வாங்கினேன்."

"நாளைக்கும் பறந்து வச்சிராதீங்க."

வாங்கி வந்த சோற்றுப் பெட்டியைப் பிரித்தார். தாளை எடுத்து மேசையில் வைத்தார். அரிமுரா எப்போதும் காற்புள்ளியைத்தான் திருத்துவாள் என்று நினைத்தார். போனை எடுத்துப் படம் பிடிக்க வேண்டும், அனுப்ப வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். முப்பது வருடமாக மஞ்சள், தடவல், காதால் தேறுவது என்று ஓடிய ஓட்டமெல்லாம் அந்த ஒரு போனின் எடையில் வந்து உட்கார்ந்தது. அதை எடுக்கக் கை வரவில்லை. தொலைக்காட்சியில் யாரோ மலையேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தபடியே தூங்கிவிட்டார்.

மறுநாள் வகுப்பின் பின்பக்கச் சுவரை ஒட்டிப் பெரியவர்கள், வருகிறவர்களுக்குப் பள்ளியில் தரும் பச்சை ரப்பர் செருப்போடு வரிசையாக நின்றார்கள். வாரியத்திலிருந்து வந்த அம்மாள் இபுகியின் இருக்கைக்குப் பக்கமாகப் போய் நின்றுகொண்டாள். புதுப் பாடப் புத்தகத்தின் அட்டையில், எல்லாப் பார்வைக்கும் ஏற்றபடி வடிவமைத்தது என்று ஒரு சின்ன முத்திரை இருந்தது. உண்மையாகவே நல்ல புத்தகம். வரைபடத்தில் நிறத்தோடு கோடும் புள்ளியும் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் புத்தகத்துக்கு மட்டும்தான் அது. வாத்தியார் தாளுக்கு அப்படியொரு முத்திரை யாரும் யோசிக்கவில்லை. பெரியவனானால் இந்தக் கண் தானே குணமாகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

இசோகாய் வாசித்தார். குரலுக்கு வழி தெரியும், அது தன்பாட்டுக்குப் போகும். அவர் மனம் பின்னால் தூங்கும்.

"நீர்நாய் மூன்றாம் வீட்டுக் கதவைத் தட்டியது. யாரும் வரவில்லை. இங்கே இபுகியை எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டாம். பதில் வராது. மழை விடவில்லை."

மழை என்ற சொல் வந்த பிறகுதான் தான் வாசித்தது அவருக்கே கேட்டது.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. சென்செய் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று மேசையைத் தட்டினார்கள். சுவரோரம் நின்ற பெரியவர்களில் சிலரும் மரியாதைக்குச் சிரித்தார்கள். அரிமுரா மட்டும் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

இபுகி சிரிக்கவில்லை. வெட்கப்பட்டால் முகம் சிவக்கும் என்பதை இசோகாய் கதைகளில் படித்ததோடு சரி, யார் முகத்திலும் பார்த்ததில்லை. அவர் பார்ப்பது தோளை. இபுகியின் தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தன.

சிரிப்பு கையில் தயாராக இருந்தது. கல் முகத்தோடு அடுத்த வரிக்குப் போய்விட்டால் அது ஜோக். முப்பது வருடமாக அப்படித்தான் தப்பித்திருக்கிறார். போயிருக்கலாம்.

அவர் தாளை மேசையில் வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பார்வையாளர் வந்திருக்கும்போது யாரும் உட்கார மாட்டார்கள்.

"இது ஜோக் இல்ல" என்றார். "இந்தத் தாள்ல எனக்குன்னு சிவப்புல ஒரு குறிப்பு போட்டிருக்கு. படிக்கக் கூடாதது. நான் படிச்சிட்டேன். ஏன்னா எனக்குச் சிவப்பும் கறுப்பும் ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுலேருந்து அப்படித்தான். இபுகி, மன்னிச்சிருப்பா. இதுல எழுதியிருக்கிறது தப்பு."

முதல் வரிசையில் நத்சுஹோ என்று ஒரு பெண், அவளுக்கு வாய் அதிகம், கையைத் தூக்காமலே கேட்டாள். "அப்போ எங்க நோட்டுல சிவப்பு எப்படிப் போடறீங்க?"

"பேனா மூடியில பேரு எழுதி ஒட்டியிருக்கு."

"கொக்கு பறந்துச்சு, மூச்சு விடவும்னு படிச்சீங்களாமே? எங்கப்பா இன்னும் சொல்லிச் சிரிப்பாரு. அதுவும்...?"

"அதுவும்தான்."

"அய்யோ, எங்கப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றாள் நத்சுஹோ. "பாவம், வருத்தப்படுவாரு."

இபுகி முகத்தைத் தூக்கினான். அவன் குரலை அந்த வகுப்பு அந்த வருடத்தில் அதிகம் கேட்டதில்லை.

"மூடி மாறிப் போனா?"

இசோகாய் அவனைப் பார்த்தார். இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"மாறிப் போனா தொலஞ்சேன்" என்றார். "சரி, நீயே சொல்லு. இந்த நீர்நாய்க்கு எதுக்குக் குடை? அது தண்ணியில கெடக்கிற பிராணியாச்சே."

இபுகி எழுந்து நின்றான். வாரியத்து அம்மாள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல" என்றான்.

பதில் வராது என்று தாளில் இருந்தது. வந்துவிட்டது. தெரியல என்பதும் பதில்தானே. இசோகாய், "எனக்கும் தெரியல" என்று சொல்லி, அவனை உட்காரச் சொன்னார்.

பாடம் பாதியில் மணி அடித்துவிட்டது. நேரத்தைச் சரியாகப் பிரிக்கவில்லை என்று வாரியத்திலிருந்து குறிப்பு வந்தது. வேறொன்றும் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் அரிமுரா அவர் மேசைக்கு நடந்தே வந்தாள்.

"நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது."

"நான் மே மாசமே சொல்லியிருக்கணும். அவனுக்கும் என் கண்ணுதான்னு நெனைக்கிறேன். அவங்க அம்மாவைக் கூப்பிட்டு நானே பேசறேன்."

"இத்தனை வருஷமா எப்படி, சென்செய்...?"

"ரொம்ப அசதி" என்றார் அவர். அவள் கேட்டது அதுவல்ல. ஆனாலும் அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கோப்பையில் பார்லி டீ ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

இபுகியின் அம்மா ரப்பர் பூட்ஸோடு வந்தாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். இந்தத் தடவை அவர் சொன்னார். அவள் இபுகியைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள், திரும்பி வந்து, "எங்கப்பாவும் இப்படித்தான் கறுப்புன்னு நெனச்சு சிவப்புச் சாக்ஸ் போடுவாரு. கிறுக்குன்னு சொல்லிச் சிரிப்போம்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். தனி வகுப்புப் பேச்சு அதற்கப்புறம் எழவில்லை. பள்ளியில் சிவப்புச் சுண்ணக்கட்டி வாங்குவதை அரிமுரா நிறுத்தினாள்.

எல்லாம் சுகமாக முடியவும் இல்லை. பழைய மாணவன் ஒருவன் போன் செய்து, ஐந்தாம் வகுப்பில் தனக்கு விழுந்த கோடுகள் நிஜமாகவே தப்புக்குத்தானா என்று கேட்டான். குடித்திருந்தான். நத்சுஹோவின் அப்பா, கொக்குக் கதையை இனி யாரிடமும் சொல்வதில்லை. இசோகாய்க்கு அதுதான் வருத்தம். அவர் நீலப் பென்சிலுக்கு மாறியபோது இரண்டு பெற்றோர் ஆட்சேபித்தார்கள், சிவப்பு வட்டம் இல்லாவிட்டால் பிள்ளைக்கு உற்சாகம் வராதாம். அவர்கள் பிள்ளைகளுக்கு மட்டும் சிவப்பு என்று முடிவானது. ஆக இப்போது அவருக்கு வேலை இரண்டு மடங்கு.

விடுமுறைக்கு முந்தின வாரம் ஒரு மதியம் வகுப்புக்குள் வந்தவர், தன் மேசைக்குப் பக்கத்தில் இபுகி நிற்பதைப் பார்த்தார். கையில் இரண்டு பேனா, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. இரண்டுக்கும் மூடி இல்லை.

"என்னடா பண்ற?"

இபுகி விழித்தான். "மூடிய மாத்தி வச்சு உங்கள ஏமாத்தலாம்னு..."

"சரி?"

"மாத்தினேன். அப்புறம் பயந்து திரும்ப மாத்தினேன். யாரோ வந்தாங்க, மறுபடி மாத்தினேன்." அவன் இரண்டு பேனாவையும் உயர்த்திக் காட்டினான். "இப்ப எது எதுன்னு எனக்கே தெரியல, சென்செய்."

இசோகாய் ஒன்றை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மற்றதையும் பார்த்தார். ஒரு தாளில் இரண்டாலும் கோடு இழுத்தார்கள். இரண்டு தலைகளும் தாளின் மேல் குனிந்தன. வெளியே மழை விட்டபாடில்லை.

"இதான் சிவப்புன்னு தோணுது" என்றார்.

"எனக்கு அதுன்னு தோணுது."

பிறகு இசோகாய் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வராந்தா பக்கமாகக் குரல் கொடுத்தார்.

"நத்சுஹோ, இங்க கொஞ்சம் வாம்மா."